எலிக்கு லைசென்ஸ் வேணாம்

மெதுவா, மெதுவா டாக்டர்! கிளச்ச டக்குனு விடாதீங்க. ஆமா, அப்படித்தான். கோலாலம்பூருல ஆட்டோ கியர் காடி ஓட்டுறவங்ககிட்ட தோட்டத்து லேன்ட்ரோவரக் குடுத்தது தப்புதான். என்ன பண்றது, டிரைவர் எனக்குக் காலு புடிச்சிக்கிச்சே. எந்தக் காலா? எடது காலு. ஏறும்போது வலதுன்னா சொன்னேன்? மல ரோடுல்ல, குலுக்கல்ல எடம் மாறியிருக்கும் லா.

நேத்து எங்க மண்டபத்துல நல்லா பேசுனீங்க. வலிப்பப் பத்தின்னா எவனும் வர மாட்டான்னு, பிஸ்கட் குடுக்குறாங்கன்னு நான்தான் லைன் வீடு வீடாப் போயி புளுகினேன். நம்ம ஒடம்பே ஒரு அமிலம் சொரக்குது, பட்டினி கெடந்தா அது கூடும், எலிக்குக் குடுத்தா வலிப்பு கொறையுதுன்னீங்க. ஒடனே இராமையாண்ணே கேட்டாரே, அப்ப எங்க பாட்டன் காலத்துல தோட்டத்துல ஒருத்தனுக்கும் வலிப்பே வந்திருக்கக் கூடாதேன்னு!

ஹாரன் அடிங்க! திரிங்காப்புலேர்ந்து வர்ற முட்டகோஸ் லோரி, ரோடு அவன் அப்பன் வீட்டு சொத்து.

மனுசனுக்கு எப்ப வரும் அந்த மருந்து? இன்னும் பல வருசமா? குடுத்து வச்ச எலி, டாக்டர். மருந்தும் மொத அதுக்கு, லைசென்சும் வேணாம், மேனேஜருக்கும் பயப்பட வேணாம்.

ரொட்டியா? வேணாம், விரதம். புதன்கெழம என்ன சாமின்னா... நம்மகிட்ட சாமிக்கா பஞ்சம்? நேத்து கூட்டம் முடிஞ்சதுலேர்ந்து விரதம். பட்டினி கெடக்காதீங்கன்னு சொன்னீங்களா? சொன்னீங்க, சொன்னீங்க. காதுல விழுந்துச்சு.

காலு எப்பலேர்ந்தா? அது வந்து... ஒரு நாளு காலு, ஒரு நாளு கண்ணு. ஆபீசுல கணக்கெழுதுற கிராணி சிவசாமிக்கு வண்டி கத்துத் தரேன்னு சொல்லி, அவரயே ஓட்ட வக்கிறேன். மனுசன் கூலிங்கிளாஸ் வாங்கிட்டாரு! ஒருவாட்டி, மால போட்டிருக்கேன், ஸ்டேரிங் தொடக் கூடாதுன்னேன். அதையும் நம்பிட்டாங்க. டிரைவர் வேல போச்சுன்னா லைன் வீடும் போச்சு டாக்டர், அதான் வாயாலயே வண்டி ஓட்டுறேன்.

ஏரி தெரியுது பாருங்க, ரிங்லெட் வந்தாச்சு. உங்க கோலாலம்பூர் பஸ்ஸுக்கு இங்க நிக்க வேணாம், நேரா விடுங்க. கீழ தாப்பா டவுன்லயும் பஸ்ஸு இருக்கு. பெரிய ஆஸ்பத்திரியும் இருக்கு.

தீபாவளிக்கு முன்ன, இதே வண்டிய ஓரங்கட்டிட்டு உக்காந்திருந்தேன். முழிச்சுப் பாத்தா நாக்கு கடிபட்டு ரத்தம், கால்சட்ட நனஞ்சு கெடக்கு. வலிப்பு வந்தா கையில சாவியக் குடு, நின்னுரும்பாங்கல்ல? சாவி என் கையிலதான் இருந்துச்சு டாக்டர். அப்புறம் குளிக்கையில ஒருக்கா. அன்னிலேர்ந்து ஸ்டேரிங்கத் தொடல. என் பொண்டாட்டி சரோஜாவுக்குக்கூடத் தெரியாது.

ரோட்டப் பாத்து ஓட்டுங்க டாக்டர், என்னைப் பாக்காதீங்க. எனக்குப் பயமா இருக்கு. நீங்க எலி டாக்டர்தான், தெரியும். மருந்து கேக்கல. ஆஸ்பத்திரிக்குத் தனியாப் போனா, கவுண்டர்ல என்னன்னு கேப்பான், பல்லு வலின்னு சொல்லிட்டுத் திரும்பிருவேன். நீங்க கூட வந்து சொல்லிருங்க. நான் தலைய ஆட்டுறேன்.