கண்ணுல அடிச்ச வெயில்

அப்போ நீங்க மதில் தேவசிகாமணி வீட்டத்தான் தேடி வந்திருக்கிய. சரிதான். நாசரேத்துல இருந்து பஸ் மாறி மாறி வந்த மனுசன், எறங்குன ஒடனே எதுக்கு அங்க ஓடணும்? இந்த பெஞ்சில உக்காருங்க அண்ணாச்சி. டீ சொல்லியிருக்கேன். இது சைக்கிள் கடதான். ஆனா பொண்ணு விசாரிக்க வாரவுக, மாப்பிள்ள விசாரிக்க வாரவுக எல்லாரும் மொதல்ல இங்கனதான் வருவாவ. மில்லுக்குப் போற சைக்கிள் பூராவும் காத்தடிக்க எங்கிட்டதான நிக்கும். எனக்குத் தெரியாத குடும்பம் இந்த விக்கிரமசிங்கபுரத்துல கெடையாது.

பொண்ணா? கனியா? ஒரு கொற சொல்ல முடியாது. தங்கமான பிள்ள. டைப்ரைட்டிங் ஹையர் முடிச்சிருக்கா. ஞாயித்துக்கெழம கோயில்ல பாட்டுக்குழுவுல நிப்பா. அவள விடுங்க. அப்பனப் பத்தி நீங்க என்ன கேள்விப்பட்டிய, அதச் சொல்லுங்க.

ம். மாப்பிள்ளப் பையன் டிரில் மாஸ்டரா. ஃபுட்பால்னா உசுரா. ம். கெட்டுனா மதிலோட மவளத்தான் கெட்டுவேன்னு சோறு திங்காம கெடக்கானா உங்க மருமவன். அடேயப்பா. அந்தப் பேரு நாசரேத் வரைக்கும் வந்துட்டா?

சிரிக்கல அண்ணாச்சி. டீ புரையேறிட்டு.

ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்கப்படாது. பிள்ள வாழப்போற எடம், தெரிஞ்சத மறைக்கப்படாதுல்லா, அதுக்காகச் சொல்லுதேன். இந்த மதிலுக்குப் பழைய பேரு சல்லட.

ஆமா, மாவு சலிக்கிற சல்லடதான். எண்பத்தஞ்சு வரைக்கும் நம்ம ஊரு டீமுக்கு அவந்தான் கோலி, கோலுக்குக் காவல். அந்தக் காலத்துல சின்னப்பிள்ளையெல்லாம் அவன் வாசல்ல போயி நின்னு, யக்கா ஒரு சல்லட தாங்களேன்னு கேட்டுட்டு ஓடும். இவன் கம்பத் தூக்கிட்டுத் தொரத்துவான். பிடிக்க மாட்டான். என்னைக்கு எதப் பிடிச்சிருக்கான்? அவன் பொஞ்சாதி பாவம், கிறிஸ்மசுக்கு அச்சு முறுக்கு சுடணும்னா எங்க வீட்டுல வந்துதான் மாவு சலிச்சிட்டுப் போவா. அவ வீட்டுக்குள்ள சல்லட நொழையப்படாதுன்னு சட்டம்.

நம்பலையா? சரி, எண்பத்திரண்டு பொங்கல் ஃபைனலச் சொல்லுதேன். தூத்துக்குடி டீம் வந்திருக்கு. ஆத்தங்கரப் பக்கம் கிரவுண்டு, சுத்தி ஊரே நிக்கி. மொதப் பாதியில பந்து இவன் பக்கமே வரல, அதனால கோல் இல்ல. ரெண்டாவது பாதி. ஒரு பந்து நல்ல உசரமா வருது. பய சும்மா சொல்லப்படாது, குதிச்சுப் பிடிச்சிட்டான். ஊரே எந்திரிச்சுக் கைதட்டுது. அவனுக்குக் கைதட்டுக் கேட்டுப் பழக்கம் இல்லல்லா? பந்த மாரோட அணச்சுக்கிட்டு, கூட்டத்தப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே பைய ரெண்டு எட்டு பின்னால வச்சான். வச்சவன் நேரா வலைக்குள்ள போயி நின்னுட்டான். ரெப்ரி விசிலடிக்கான். இவன் தன்னப் பாராட்டித்தான் அந்தாளு விசிலடிக்கான்னு நெனச்சு அவருக்கும் ஒரு கையக் காட்டுதான்.

அது ஒண்ணு. பெறவு அஞ்சு விழுந்துச்சு. அஞ்சும் ஒரே வழி, ரெண்டு காலுக்கும் நடுவுல. அன்னைக்குக் கூட்டத்துல இருந்து ஒருத்தன் கத்துனான், ஏலே, அது ஆளில்லலே, சல்லடன்னு. அந்தால பேரு ஒட்டிக்கிட்டு.

யாரு கத்துனதா? யாரோ. அவ்வளவு கூட்டத்துல யாரப் பாத்தா?

கேளுங்க, இனிமேதான் கத இருக்கு. ஆட்டத்த விட்ட பெறவு நாலஞ்சு வருசம் ஒரு பய அவன் பேச்ச எடுக்கல. அதுவே அவனுக்கு ஒரு முன்னேத்தம்தான். அவனுக்கடுத்து வன்னியராஜுன்னு ஒரு கோலி வந்தான். வாட்டசாட்டமான ஆளு, ஆனா பந்து வந்தா கண்ண மூடிக்கிடுவான். ரெண்டு சீசன் பாத்துட்டு ஊருல பேச ஆரம்பிச்சிட்டாவ, என்ன இருந்தாலும் தேவசிகாமணி கண்ணத் தொறந்து வச்சிக்கிட்டுல்லா விடுவான்னு. இங்கன பஞ்சர் ஒட்ட உக்காந்திருக்கவன், அந்தக் காலத்துல இவன் மேல செருப்பு வீசுனவன், அவனே சொல்லுதான், அது ஒரு காலம் அண்ணாச்சி, அந்த மாதிரி கோலி இனி வருவானான்னு. நான் வால்வு டியூப மாட்டிக்கிட்டே இருந்தேன்.

பெறவுதான் ஒரு பய வேலையக் காட்டுனான். அன்னைக்கு ஃபைனல்ல தேவசிகாமணி கண்ணுல வெயில் அடிச்சிட்டு, அதான் பந்து தெரியலன்னு ஒரு கதயக் கெளப்பி விட்டான். நீங்களே யோசிச்சுப் பாருங்க. தை மாசம், சாயங்காலம் அஞ்சு மணி. இன்னா நிக்கில்லா பொதிகை மல, அது அந்நேரத்துக்குள்ள சூரியன முழுங்கிரும். அதுபோக அவன் நின்னது கெழக்கப் பாத்து. பெடதியில அடிச்ச வெயிலு கண்ணுக்கு எப்படி வரும்? ஆனா ஒருத்தன் கேக்கணுமே. நானும் பாத்தேன், நானும் பாத்தேன், கண்ணக் கசக்குனாம்லான்னு ஒவ்வொருத்தனா சேந்துக்கிட்டான். அன்னைக்குப் பொறக்காதவன்கூடப் பாத்திருக்கான்.

போன வருசம் உலகக் கோப்ப பாத்தியளா? ஃபைனல்ல ஒரு இத்தாலிக்காரன் பெனால்டிய ஆகாசத்துக்கு அடிச்சாம்லா. அதப் பாத்த பெறவு நம்ம ஊருக்காரனுக்கு நெஞ்சு எளகிட்டு. அவ்வளவு பெரிய ஆளே மேல அடிக்கான், நம்ம ஆளு கீழ விட்டதுல என்னலே குத்தம்னு டீக்கடையில ஒரே நியாயம். அதுல இருந்து கோலும் கொறைய ஆரம்பிச்சிட்டு. ஆறு நாலாச்சு. இந்தப் பொங்கலுக்கு ரெண்டாயிட்டு. இன்னும் ஒரு வருசம் போச்சுன்னா அந்த ஃபைனல நாமதான் ஜெயிச்சிருப்போம்.

இந்த வருசம் கோயில் அசன விருந்துல, எல எடுத்த பெறவு, மேடையில ஏத்திப் பொன்னாட போத்துனாவ. ஒருத்தன் மைக்கப் பிடிச்சு, கோட்டச் சுவருல ஓட்ட விழும், எங்க தேவசிகாமணி மதிலுல விழாதுன்னு பேசுனான். கூட்டத்துல விசில் பறக்குது. அன்னையில இருந்துதான் மதில். நடையே மாறிட்டு அண்ணாச்சி. தெருவுல குறுக்க ஆடு வந்தாக்கூடக் கைய விரிச்சு மறிக்கான். ஆடு அது பாட்டுக்குக் காலுக்கு நடுவுல போகுது.

மைக்குல பேசுனது யாரா? கேட்டுட்டியளா. சரி, எங்கிட்ட டீ குடிச்ச மனுசன்கிட்ட எதுக்கு மறைக்கணும். நாந்தான்.

கத்துனதும் நாந்தான். சல்லட என் வாயில இருந்து வந்ததுதான், மதிலும் என் வாயில இருந்து வந்ததுதான். நடுவுல அந்த வெயிலும் நம்ம கைங்கரியம்தான். காத்தடிக்க வாரவன் ஒருத்தன விடல. சைக்கிளுக்குப் பாதி, அவன் காதுக்குப் பாதின்னு மூணு வருசமா அடிச்சிருக்கேன். ராஜபாளையத்துல இருந்து வந்த ஒரு லாரி டிரைவர்கிட்டக்கூடச் சொல்லியிருக்கேன். அவன்தான் உங்க ஊருப் பக்கம் கொண்டு வந்து விட்டானோ என்னவோ.

எதுக்கா? ஒரு மனுசனுக்கு நல்ல பேரு வாங்கிக் குடுக்கது பாவமா? அவன் எங்கிட்ட பத்துப் பன்னெண்டு வருசமா மொகம் குடுக்காம இருந்தாம்லா. கோயில்ல நான் வலப்பக்கம் உக்காந்தா அவன் எடப்பக்கம் போயிருவான். எனக்கு அவன்கிட்ட ஒரு காரியம் ஆக வேண்டியிருந்துச்சு. கோவம் தணியட்டும், பேரு கொஞ்சம் தூக்கி விடுவோம், பெறவு பைய போயிக் கேப்போம்னு நெனச்சேன்.

தணிஞ்சிட்டு. அதெல்லாம் நல்லாத் தணிஞ்சிட்டு. போன ஞாயித்துக்கெழம ஆராதன முடிஞ்சு வெளிய வந்தோம், அவனாவே எந்தோள்ல கையப் போட்டான். சரி, இதான் நேரம்னு விசயத்தக் கேட்டுட்டேன். கைய எடுத்தான். என்ன மேலயும் கீழயும் பாத்தான். பாக்கியசீலா, அன்னைக்கு மட்டும் கண்ணுல வெயில் அடிக்கலன்னா நான் கல்கத்தா டீமுல ஆடியிருக்க வேண்டியவன், எங்கிட்ட வந்து கேக்க ஒனக்கு எப்படிலே மனசு வந்துச்சுன்னான். எங்கிட்டயே சொல்லுதான் அண்ணாச்சி. அந்த வெயில அவன் கண்ணுல அடிக்க வச்சவன்கிட்டயே. கெழக்கப் பாத்துல்லாலே நின்னன்னு தொண்ட வரைக்கும் வந்துட்டு. ஆனா அதச் சொல்லணும்னா மூணு வருசம் நான் சொன்னது பூராவும் பொய்யின்னு கோயில் வாசல்ல நின்னு சொல்லணும். முழுங்கிட்டு வந்துட்டேன்.

எந்திரிச்சிட்டியளா? இவ்வளவு சொல்லியும் போகத்தான் செய்வியளா? சரி, வந்த கடமைக்குப் போயிப் பாருங்க. ஒரே ஒரு காரியம் செய்யுங்க. உங்க மருமவன் வரும்போது ஒரு பந்து கொண்டாரச் சொல்லுங்க. அடிக்காண்டாம். சும்மா உருட்டி விடட்டும்.

வழியா? இந்தத் தெருவோட போயி, தண்ணித் தொட்டியத் தாண்டுனா பச்சக் கதவு. வாசல்ல ஒரு பய சைக்கிளத் தலகீழாக் கவுத்துப் போட்டுச் செயின் மாட்டிக்கிட்டு இருப்பான். அவன்கிட்ட மட்டும் தேவசிகாமணி வீடு எதுன்னு கேட்டுறாதிய, உங்களக் கொண்டு போயி பாபநாசம் பஸ்சுல ஏத்தி விட்டுருவான். ஷிப்டு முடிஞ்சு வரும்போது தெனமும் அந்த வாசலுக்கு நேரா வந்ததும்தான் அவனுக்குச் செயின் கழறும். அந்தப் பிள்ள கனியும், அவன் மாட்டி முடிக்க வரைக்கும் சன்னல விட்டு நகராது.

யாரா? மணிராஜு. எம் மவன்தான். சைக்கிள் கடக்காரன் மவனுக்கு எதுக்கு அண்ணாச்சி தெனமும் செயின் கழறுது? அதுக்காகத்தான் இம்புட்டுப் பாடும். நான் அடிச்ச காத்து கொஞ்சம் கூடிப் போச்சு.