மடித்து வைத்த சட்டை

மத்தியானம் மூணு மணி. தெருவில் ஆள் இல்லை, நாய் இல்லை... நிழல்கூட சுவரோரமாய் ஒண்டிக்கொண்டு கிடந்தது. தார் இளகிவிட்டிருந்தது. செருப்பு ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம் மட்டும். அந்தச் சத்தத்தோடு ஒரு பொம்பளை, கையில் நூல்கண்டுப் பொட்டலம், தன்னந்தனியாக வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தாள்.

பேய் ராத்திரிதான் வரும் என்று யார் சொன்னது? இது பட்டப்பகலில் நடந்தது, கண்ணுங்களா. என் சிநேகிதியின் நாத்தனாருக்கு. கிட்டே வந்து உட்காருங்கள். கரண்ட் வருகிறபோது வரட்டும். அந்த விசிறியை இப்படிக் கொடு, நான் வீசுகிறேன்.

அவளுக்குத் தொழில் தையல். எல்லோருக்கும் அவள் தையல்காரம்மா. ஒரு பழைய அடுக்கு வீட்டின் முதல் மாடியில் குடியிருந்தாள், அவளும் புருஷனும் மட்டும். அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் பேர் போகவில்லை... டிரைவர்தான். அவருக்கு ஒரு பழக்கம். சட்டை போடாமல் வாசப்படி தாண்ட மாட்டார். வீட்டுக்குள் வெறும் உடம்போடு கிடப்பார். குப்பை கொட்ட நாலு எட்டு வைக்கணும் என்றாலும் சட்டையைத் தேடி, கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டுதான் வெளியே போவார்.

"காலமெல்லாம் யூனிபார்ம்ல இருந்த உடம்பு. வெளிக்காத்து பட்டா வெக்கப்படும்" என்று சிரிப்பார்.

அந்தக் கட்டடத்தின் உச்சியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே, ஒரு அக்கா இருந்தாள். தனிக்கட்டை. வானத்தைப் பார்க்கக்கூட மாட்டாள், மூக்கால் மோந்தே மழை சொல்வாள். அதனால் மழைக்கா. மழை வரப்போகிறது என்றால் படிக்கட்டு வழியாக எட்டி ஒரு குரல் கொடுப்பாள். "துணி எடுங்க... துணி எடு...ங்க..." ரெண்டாவதை இழுத்து. அவ்வளவுதான், வீட்டுக்கு வீடு கதவு திறக்கும், தடதடவென்று எல்லோரும் மாடிக்கு ஓடுவார்கள். வராதவர்களின் துணியை அவளே கொடியிலிருந்து எடுத்து, மடித்து, பறக்காமல் இருக்க ரெண்டு மரக் கிளிப்பை மேலே குத்தி, வாசலில் வைப்பாள். கையில் மிச்சமிருக்கிற கிளிப்பால் கதவில் ஒரு தட்டு. டிக்... டிக். திறந்து பார்த்தால் ஆள் இருக்க மாட்டாள். அடுத்த வீட்டுக்குப் போயிருப்பாள்.

மற்றவர்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் கிளிப். மரக் கிளிப் அவளிடம் மட்டும்தான்.

போன கோடையில் ஒரு நாள் அந்தக் குரல் வந்தபோது தையல்காரம்மா மிஷினில் இருந்தாள். "அஞ்சு நிமிஷம்க்கா... இந்த ஓரத்தை அடிச்சிட்டு வந்துடறேன்" என்று கத்தினாள். மற்றவர்கள் எல்லாம் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். கொடியில் மிச்சம் டிரைவரின் சட்டை ஒன்று. சாம்பல் நிறம். தையல்காரம்மாவே தைத்தது. துணி பத்தாமல் பாக்கெட்டை மட்டும் கொஞ்சம் அழுத்தமான நிறத்தில் வெட்டிப் போட்டிருந்தாள். மழைக்கா அந்த ஒன்றுக்காகத் திரும்பவும் மேலே போனாள்.

ஒரே வெளிச்சம். ஒரே சத்தம்.

ஏறிப்போய்ப் பார்த்தவர்கள் அதிகம் சொல்லவில்லை. இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் மறந்து வைத்துவிட்டால் ஒரு வாசனை வருமே... அது மாடிப்படி முழுக்க இருந்தது என்றார்கள். அந்தச் சட்டை கிடைக்கவே இல்லை. "எங்கேயோ தொலஞ்சு போச்சு" என்று தையல்காரம்மா புருஷனிடம் சொல்லிவிட்டாள். அஞ்சு நிமிஷத்தைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது அந்த மூணு மணிக்கு வருவோம்.

தெருவைத் தாண்டிப் படியேறினாள். தூரத்தில் எங்கேயோ ஒரு உறுமல், யாரோ பக்கத்து அறையில் பீரோவை நகர்த்துகிற மாதிரி. மேலே வந்தாள். வாசலில் ஒரு சட்டை.

மடித்திருந்தது. கைகள் ரெண்டும் உள்ளே. காலரில் ரெண்டு மரக் கிளிப்... ஒன்றின் முனை கரி. சாம்பல் நிறம், அழுத்தமான பாக்கெட்.

குனிந்து தொட்டாள். அப்போதுதான் வெயிலிலிருந்து எடுத்த சூடு. அந்த வாசனை.

உள்ளே டிரைவர் தரையில் ஈரத்துண்டைப் போட்டு அதன்மேல் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்த மனுஷனை உங்களுக்குத் தெரியாது. சொன்னால் அதே சட்டையை மாட்டிக்கொண்டு, "பாரு, என்ன ஆச்சு எனக்கு?" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டுகிற ஆள். அவள் கத்தரியை எடுத்தாள். காலர் வேறு, கை வேறு, பாக்கெட் வேறாக வெட்டினாள். தான் போட்ட தையலையே பிரித்துப் பிரித்து வெட்டினாள். துண்டு துண்டாகக் குப்பையில் கொண்டுபோய்க் கொட்டினாள். உறுமல் நின்றுவிட்டது. மழை வரவில்லை.

சாயங்காலம் வழக்கம்போல எல்லோரும் கட்டட வாசலில் கூடினார்கள். உள்ளே இருக்க முடியாது, சுவரே வேர்த்தது.

"காத்துன்னு ஒண்ணு இருந்துச்சே, அது எங்க போய்த் தொலஞ்சுது?" என்றாள் கீழ் வீட்டுக் கம்பவுண்டரம்மா, கழுத்தைத் துடைத்துக்கொண்டே. "குளிச்சிட்டுத் துவட்டறேன், துவட்டத் துவட்ட வேர்க்குது. எது தண்ணி எது வேர்வைன்னே தெரியல."

எதிர் வீட்டு வாத்தியார் செல்போனைத் தடவினார். "ஈரப்பதம் அதிகமாயிடுச்சு. அதான் இந்தப் புழுக்கம். ரெண்டொரு நாள்ல இடியோட மழைன்னு போட்டிருக்கான்."

"உங்க போனு சொன்ன மழையெல்லாம் பெஞ்சிருந்தா இந்நேரம் நாம படகுலதான் சார் போய்க்கிட்டு இருப்போம்!"

"என்கிட்ட ஏம்மா பாயறீங்க? நானா பெய்யறேன்?"

டிரைவர், பொத்தானெல்லாம் போட்டுக்கொண்டு, விசிறியோடு நின்றார். "மழையும் நம்ம பஸ்ஸு மாதிரிதான். நிக்கறவன் நின்னுக்கிட்டே இருக்கணும். வர்றப்ப ரெண்டு மூணா சேர்ந்து வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். தையல்காரம்மா மட்டும் மெதுவாகக் கேட்டாள். "சார்... வராம தப்பிப் போறதுக்கும் வாய்ப்பு இருக்குல்ல?"

"வாயைக் கழுவுங்க தையல்காரம்மா!" கம்பவுண்டரம்மா பதறிவிட்டாள். "இடியே விழட்டும், பரவால்ல. கொட்டித் தீக்கட்டும்."

அந்தக் கட்டடமே வானத்தைப் பார்த்து வா, வா என்றது. அவள் ஒருத்தி மட்டும் வராதே, வராதே என்று நின்றாள். ஊர் முழுக்க ஒரு பக்கம் இழுக்கும்போது ஒற்றைக் கை என்ன செய்யும்?

இன்னொரு நாள். மறுபடி அந்த உறுமல். இந்தத் தடவை சட்டையைக் காணுமுன் சத்தம் வந்தது. டிக்... டிக். டிரைவர் தலையைத் தூக்கினார். "யாரோ தட்டறாங்க பாரு."

"காத்து" என்றாள்.

"காத்தா! அடிச்சா எனக்கும் கொஞ்சம் அனுப்பச் சொல்லு" என்று திரும்பிப் படுத்தார்.

கதவைத் திறந்தாள். முழுசாக இருந்தது. வெட்டின இடத்தில் வெட்டே இல்லை. அவள் போட்ட தையல் அப்படியே. அதைப் பின்பக்கத்துக்கு எடுத்துப்போய், பழைய தகர டப்பாவில் போட்டுக் கொளுத்தினாள். எரியும்போது புதிதாக எந்த வாசனையும் வரவில்லை... ஏற்கெனவே இருந்ததுதான். சாம்பலைத் தண்ணீர் ஊற்றிக் கரைத்தாள். உள்ளே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாரம்மா அது, என் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருப்பது? பிடித்துக்கொள், பிடித்துக்கொள். எனக்கும் துணையாக இருக்கும்.

அப்புறம் அந்த நாள் வந்தது. காலையிலிருந்தே காற்று செத்துக் கிடந்தது. காக்கைச் சத்தம் இல்லை. மிஷின் சக்கரத்தில் கை வைத்தால் வழுக்கியது, ஊசியிலேகூட ஈரம். மத்தியானம் தாண்டியதும் மேற்குப் பக்கம் கறுத்தது. அடிபட்ட இடம் கன்றிப்போகுமே, அந்த நிறம்.

அவள் ஒரு காரியம் செய்தாள். அவருடைய சட்டைகள் எல்லாவற்றையும்... கொக்கியில் தொங்கியது, அலமாரியில் இருந்தது, கல்யாணங்களுக்கென்று எடுத்து வைத்தது, ஒன்று விடாமல் வாளியில் போட்டு சோப்புத் தண்ணீர் ஊற்றி அமுக்கினாள். சட்டை இல்லாமல் வாசப்படி தாண்ட மாட்டார் இல்லையா? அதுதான் அவளுக்குக் கிடைத்த ஒரே பூட்டு.

"என்னடி இது, என்னை ஒரேயடியா துறவி ஆக்கிட்ட?"

"மழை வருதுல்ல, தண்ணி மிச்சம்னு ஊற வெச்சேன்."

"மழை வர்ற நாள்ல துவைக்கிற முதல் ஆளு நீதான்" என்று சிரித்துவிட்டு ஈரத்துண்டுக்குப் போனார். கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது மேலேயிருந்து, படிக்கட்டு வழியாக...

"துணி எடுங்க... துணி எடு...ங்க..."

எந்தக் கதவும் திறக்கவில்லை. கீழே வாத்தியாரும் கம்பவுண்டரம்மாவும் பேசிக்கொண்டிருந்த பேச்சு நிற்கவில்லை. அவளுக்கு மட்டும்தான் கேட்டிருக்கிறது.

போன வருஷம் போகாத இடத்துக்கு இன்று போய்விடுவது என்று அவள் முடிவு செய்தாள். அழைப்பு எனக்குத்தானே வந்தது, நானே போகிறேன், அவரை விட்டுவிடு என்று கேட்பது. கதவைத் திறந்தாள். வாசலைப் பார்த்தாள். வெறுமையாக இருந்தது. அப்பாடா என்று சத்தமில்லாமல் சாத்திவிட்டு ஏறினாள்.

மொட்டை மாடியில் யாரும் இல்லை. கொடி மட்டும், காற்றே இல்லாமல், மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது... இப்போதுதான் யாரோ ஒரு துணியை உருவிக்கொண்டு போன மாதிரி.

"அக்கா" என்றாள். "அன்னைக்கு நான் வந்திருக்கணும். தப்பு என்னுதுதான். இப்ப வந்துட்டேன் பாரு. என்னை என்ன வேணா பண்ணிக்கோ. அந்த மனுஷன் ஒண்ணும் பண்ணலக்கா... அவருக்கு எதுவுமே தெரியாது..."

முதல் காற்று வந்தது. மாடிக் கதவு அவள் பின்னால் படாரென்று அறைந்து மூடியது. அந்தச் சத்தம் அடங்கியதும், கீழே, வெகு கீழே, மற்ற எல்லாச் சத்தத்துக்கும் அடியில், ரொம்பத் துல்லியமாக...

டிக்... டிக்.

மூன்றாவது வீட்டுக் கதவுக்கும் முதல் வீட்டுக் கதவுக்கும் சத்தம் வேறு. குடியிருப்பவர்களுக்குத் தெரியும். அது அவள் வீட்டுக் கதவு.

ஓடிப்போய் மாடிக் கதவைத் தள்ளினாள். அசையவில்லை. இழுத்தாள். உள்பக்கம் தாழ் விழுந்திருந்தது. உள்ளங்கையால் அறைந்தாள், தோளால் இடித்தாள். "வராதீங்க! வெளிய வராதீங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் இடி இடித்தது. ஒரு தடவைகூட அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் காலடி. மெதுவாக, பழைய முழங்கால்கள் ஏறுகிற காலடி. தாழ் விலகியது.

டிரைவர் நின்றார். மூச்சு வாங்கியது. சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

"இங்க என்ன பண்ற நீ, இந்த இடியில? எழுந்து பார்த்தா ஆளைக் காணோம்." கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டே பேசினார். "இருக்கற சட்டை பூரா தண்ணியில. எப்படி வெளிய வர்றதுன்னு முழிச்சேன். நல்ல வேளை... தொலஞ்சு போச்சுன்னு சொன்னியே, இது எங்கடி கிடைச்சுது? வாசல்ல அழகா மடிச்சு வெச்சிட்டுப் போயிருக்க."

சாம்பல் நிறம். அழுத்தமான பாக்கெட்.

அவள் கையை மட்டும் தூக்கினாள், போ, போ என்று. அவர் அதை வா என்று எடுத்துக்கொண்டார். நிலையைத் தாண்டி மாடியில் கால் வைத்தார். பெரிய பெரிய சொட்டாக நாலு சொட்டு விழுந்தது. கீழேயிருந்து கம்பவுண்டரம்மாவின் குரல், சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டிக்கொண்டு...

"அப்பாடா! வந்துடுச்சு!"

அவர் அவளை நோக்கி நடந்து வந்தார். காற்றில் காலர் தூக்கிக்கொண்டது. அதில் அந்த ரெண்டு மரக் கிளிப்பும் இன்னும் அப்படியே இருந்தன... எடுக்க மறந்துவிட்டிருந்தார்.