அச்சில் வராத வரி

இசாத்துவின் ஆரம்பக் கட்டுரைகளில் எனக்குப் பிடித்தது, ஒஸ்லோவின் புறநகரான புருசெத்தில் அவள் குடியிருந்த தொடர்மாடியின் சலவை அறையைப் பற்றியது. ஈரத் துணியின் மணம், கதவில் ஒட்டிய முறைப்பட்டியல், யாரோ விட்டுப்போன ஒற்றைக் காலுறை. அழகான எழுத்து. வாசித்து முடித்ததும் மறந்துவிடலாம்.

நான் ஒரு பதிப்பகத்தில் கட்டுரை நூல்களைச் செம்மைப்படுத்துபவள். இசாத்து காம்பியாப் பெற்றோருக்கு ஒஸ்லோவில் பிறந்தவள். நான்கு வருடங்கள், வியாழக்கிழமைதோறும், என் சமையலறை மேசையில் அவளுடைய வரிகளை வெட்டினோம். தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவள் என்பதால் என் கணவர் றஜீவுடன் தமிழில் பகிடி விடுவாள்.

"றஜீவண்ணை, உங்கட மனுசி இண்டைக்கும் என்ர பிள்ளையின்ர காலை வெட்டிப்போட்டா."

"தலை மிஞ்சினதே பெரிய காரியம், தங்கச்சி."

இசாத்துவுக்கு வந்த முதல் கடிதத்தை நான் எழுதவில்லை. அதை உங்கள் பொலிஸ் அறிக்கையில் குறித்துக்கொள்ளுங்கள். அவளுடைய நிறத்தைச் சொல்லி, திரும்பிப் போ என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதற்குப் பதிலாக அவள் எழுதிய கட்டுரையில் நான் பென்சிலை வைக்கவே இல்லை. வைக்க இடம் இருக்கவில்லை.

பிறகு ஆறு மாதம் எந்தக் கடிதமும் வரவில்லை. அவள் ஜன்னலோரச் செடிகளைப் பற்றி எழுதத் தொடங்கினாள்.

இரண்டாவதிலிருந்து பத்தாவது வரை என்னுடையவை. வசனங்கள் என் கற்பனை அல்ல. நான் சிறுமியாக இருந்தபோது, வட நோர்வேயின் பாட்ஸ்பியோர்ட்டில் அம்மா மீன் ஆலையில் வேலை செய்தபோது எங்கள் கதவிடுக்கில் செருகப்பட்டவை. தமிழர் என்றிருந்த இடத்தில் மட்டும் வேறு சொல் போட்டேன். நகருக்கு வெளியே ஸ்ட்ரோம்மனுக்குச் சாமான் வாங்கப் போகும்போது தபாலில் சேர்த்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுரை வந்தது. புத்தகம் வந்தது. பரிசும் வந்தது.

இடையில் அவள் வீட்டுப் பூட்டை மாற்றினாள். பேருந்தில் போவதை நிறுத்தினாள். கடிதத்தை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வருவாள். நான் தேநீர் கொடுத்து, எழுது என்பேன். ஏழாவது கடிதத்தில் அவளுடைய மகளின் பள்ளிக்கூட வாசலைக் குறிப்பிட்டேன். அது தேவைப்பட்டது. அந்த மாதம் அவள் சோர்ந்திருந்தாள்.

பத்தாவதில் பிழை விட்டேன். தன் தாயைப் பற்றி அவள் எழுதிய ஒரு வரியைக் கேலி செய்திருந்தேன். அந்த வரி புத்தகத்தில் இல்லை. அதை வெட்டியவளே நான். கைப்பிரதியோடு வாழ்கிறவர்களுக்கு எது அச்சானது என்பது நினைவில் நிற்பதில்லை.

இசாத்து கத்தவில்லை. கடிதத்தை மேசையில் வைத்தாள். "றஜீவண்ணை, இந்த வரியை வாசிச்ச ஆக்கள் உலகத்திலை ரெண்டே பேர்தான். ஒண்டு நான்."

றஜீவ் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இது உன்ர வேலையே?"

"ஓம்," என்றேன்.

மன்னிப்புக் கேட்கமாட்டேன். முதலில் அந்தப் புத்தகத்தை வாசியுங்கள். அதில் எந்தப் பக்கத்தைக் கிழித்தெறியலாம் என்று காட்டுங்கள். பிறகு நான் செய்தது குற்றமா என்று கதைப்போம். செடிகளோடு அவள் நிம்மதியாக இருந்திருப்பாள் என்கிறீர்கள். நிம்மதியாக இருப்பவர்கள் இந்த நகரத்தில் நிறையப் பேர்.

அவள் எழுதுவதையே விட்டுவிட்டாள் என்றும் சொல்கிறீர்கள். எனக்கு அவளைத் தெரியும். இப்போது என்னைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருப்பாள். முதல் வரைவு எப்போதும் கொஞ்சம் நீண்டுவிடும். என்னிடம் காட்டாமல் அவள் அதை வெளியே விடமாட்டாள்.