212-ஆம் எண் பாட்டில்

மாலை ஆறே கால் மணி. அச்சகத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் சாலையில் அந்நேரம் ஆள் நடமாட்டமே இருக்காது. அதில் ஒருவர் நடந்து வந்தார்... காலடிச் சத்தம் இல்லை. பைக்குள் கண்ணாடி மெல்லத் தட்டும் சத்தம் மட்டும்.

சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். யாரோ நண்பனின் மாமாவுக்கு நடந்ததல்ல. என் சொந்த அண்ணனுக்கு நடந்தது.

பழைய கண்ணாடி பாட்டில் சேர்ப்பவர்கள் அண்ணன் எழுதிய விவர நூலைப் பார்க்காமல் ஒன்றையும் வாங்கமாட்டார்கள். கண்ணாடி வார்த்த அச்சின் தடம் பாட்டிலின் தோளோடு நிற்கிறதா, வாய்வரை ஏறுகிறதா... கையில் எடுத்துப் பார்க்காத பாட்டிலை அவர் எழுதியதில்லை. அட்டையில் இருப்பது எங்கள் குடும்பப் பெயர்.

கையில் எடுத்துப் பார்க்காமல் அவர் எழுதியது ஒன்றே ஒன்று. நூலைத் திருடி அச்சடிப்பவர்களைப் பிடிக்க, நடுவில் ஒரு பொய்ப் பதிவு வைப்பது இந்தத் தொழிலில் வழக்கம்; அதையும் சேர்த்து அச்சடித்தவன் மாட்டிக்கொள்வான். அண்ணனும் வைத்தார். எண் 212. கரும்பச்சை நிறத்தில் இருமல் மருந்து பாட்டில். அதை விற்ற மருந்துக்கடைக்காரர், அவர் கடை, அவர் பிறந்த வருஷம் எல்லாமே அண்ணனின் கற்பனை.

அன்று மாலை நடந்து வந்தவர் பையிலிருந்து அந்த பாட்டிலையே எடுத்து எங்கள் மேசைமேல் வைத்தார். அண்ணன் வரைந்த அதே கோணல் கழுத்து. தக்கையை இழுத்ததும் யூகலிப்டஸ் நெடி... நானும் அங்கேதான் இருந்தேன்.

"யார்கிட்ட வாங்கினீங்க?" என்றார் அண்ணன்.

"வாங்கல. என் கடைச் சரக்கு."

"அப்ப நீங்க..."

"பொறந்த வருஷம் போட்டீங்க. செத்த வருஷம் போடல. நான் எப்படிப் போறது?"

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "அடுத்த பதிப்புல எழுதித் தொலைச்சிடுறேன்டா. ஒரு வரிதானே?"

"திருடனைப் பிடிக்க ஒரு பொய் போதும்ண்ணே. ரெண்டாவது பொய்க்கு நம்ம பேரைக் குடுக்காதீங்க."

என் பேச்சைத் தட்டாதவர். எழுதவில்லை.

கடைக்காரர் தினமும் வந்தார். அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். அண்ணன் முதலில் சாப்பாட்டை விட்டார், பிறகு தூக்கத்தை. ஒரே மாதம். அண்ணன் இறந்துபோனார். நான் அழவில்லை. எழுத விட்டிருக்கலாம் என்றும் தோன்றவில்லை. எதுவுமே தோன்றவில்லை.

"ஐயா, அந்த பாட்டில் இப்ப என்ன விலை போகும்?" என்கிறார் கதை கேட்கும் உங்களில் மூலையில் இருப்பவர். விற்பனைக்கு இல்லை, தம்பி.

நூல் இப்போது என் பொறுப்பு. "அந்தப் பதிவையே நீக்கிடுங்க சித்தப்பா, உங்களுக்குப் புண்ணியமா போகும்" என்று அண்ணன் மகள் கெஞ்சினாள். நீக்கினால் இத்தனை வருஷம் பொய் இருந்ததென்று ஊரே பேசும். நீக்கவில்லை.

இன்றும் ஆறே காலுக்குக் கதவு திறந்தது. இப்போது கடைக்காரரும் அண்ணனுமாக இரண்டு பேர் வருகிறார்கள். அண்ணன் என்னோடு பேசுவதில்லை. நான் நின்றுகொண்டே இருப்பேன்... அவர்கள் உட்காருவார்கள். இன்று அண்ணன் உட்காருவதற்கு முன், மூன்றாவதாக ஒரு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, தூசி தட்டி வைத்தார்.