பதினாலாம் மிஷினில் சிவப்புத் துணி

மிஷினக் கொஞ்சம் நிறுத்துங்கக்கா. ரெண்டே நிமிஷம். நீங்க மிதிச்சுக்கிட்டே இருந்தா நான் பேசுறது எனக்கே கேக்கல. உங்க வீட்டுக்கு மூணு மாடி ஏறி வந்துருக்கேன், மூச்சு வாங்குது. இல்ல, தண்ணி வேணாம். உக்காரவும் வேணாம். நான் சூப்பர்வைசரா வரல. கழுத்து அட்டையக்கூடக் கழட்டிப் பாக்கெட்டுல போட்டுட்டுத்தான் வந்தேன்.

நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு நீங்க கம்பெனிக்கு வந்து பதினாலாம் மிஷின்ல உக்காரணும். அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைக்குள்ள சட்டைக் காலர் தைக்கிற கணக்கு ஏறலைன்னா நம்ம லைன இழுத்து மூடிருவாங்க. மேனேஜர் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டார். முப்பத்திரண்டு பேருக்கா. என்னையும் சேத்தா முப்பத்திமூணு.

சிரிங்க, சிரிங்க. கடைசி ஆளுன்னு உங்க மிஷின்ல சிவப்புத் துணியக் கட்டுனவன் நான். இப்ப நீங்க இல்லாம லைன் ஓடலைன்னு வந்து நிக்கிறவனும் நான்தான். வெக்கங்கெட்ட பொழப்புதான்.

அந்தத் துணி என் யோசனைதான், மறைக்கல. கோட்டு போட்ட ஒருத்தர் வந்து எங்களுக்கெல்லாம் பயிற்சி குடுத்தாரு. ஒரு நாள் பூரா ஏசி ரூம், கலர் கலரா படம். பின்னாடி தங்குறவங்கள நாலு பேரு பாக்குற மாதிரி காட்டுங்க, அப்புறம் பாருங்க, தானா ஓடுவாங்கன்னாரு. எனக்கு அது வேத வாக்காப் போச்சு. சாயங்காலம் போர்டுல எல்லார் கணக்கும் எழுதுறது, யாரு கம்மியோ அவங்க மிஷின்ல மறுநாள் முழுக்கச் சிவப்புத் துணி. முதல் வாரம் காலரு சும்மா பறந்துச்சுல்ல? மேனேஜர் என் தோள்ல தட்டிக் குடுத்தாரு. நானும் காத்துல மிதந்தேன்.

அப்புறம்தான் அந்த நாள். காலைல வந்தீங்க, துணியப் பாத்தீங்க. அவுத்து, நாலா மடிச்சு, என் மேசைல வெச்சுட்டு, கத்திரியும் கண்ணாடியும் எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டீங்க. நாலு திட்டு திட்டிட்டுப் போயிருந்தாக்கூடத் தாங்கிருப்பேன்.

பதினோரு நாள் ஆச்சுக்கா. ரெண்டாயிரத்தி எழுநூறு காலர் போன லைன்ல இன்னிக்கு ஆயிரத்தி ஐநூறு. ஒருத்தரும் சும்மா உக்காரல, அதான் கொடுமை. எல்லாரும் தலையக் குனிஞ்சு தச்சுக்கிட்டேதான் இருக்காங்க. ஆனா பக்கத்துல ஊசி ஒடஞ்சா திரும்பிப் பாக்குறதில்ல. நூல் சிக்குனா மெக்கானிக் வர்ற வரைக்கும் கையக் கட்டிக்கிட்டு உக்காந்துருக்காங்க. ஏம்மா, கொஞ்சம் எடுத்து விடக் கூடாதான்னா, என் கணக்கு குறைஞ்சிரும் சார்ங்குறாங்க. நான் சொல்லிக் குடுத்த பாடம், எனக்கே ஒப்பிக்கிறாங்க.

நீங்க இருந்தப்ப யாருக்குப் பாபின்ல நூல் தீர்ந்தாலும் உங்க டப்பால இருந்து சுத்துனது ஒண்ணு போகும். பாபின் அக்கா, பாபின் அக்கான்னு லைன் முழுக்க உங்க பேருதான். புதுசா வந்தவ தப்பாத் தச்சா, செக்கிங் போறதுக்குள்ள பிரிச்சுக் குடுத்துருவீங்க. இந்தப் பொம்பளை தன் வேலையப் பாக்காம ஊர் வேலை பாக்குதேன்னு நான் எரிச்சல்பட்டேன். லைனே உங்க கைலதான் ஓடுச்சுன்னு எனக்கு எங்க தெரிஞ்சுச்சு? என்கிட்ட இருந்தது ஒரு போர்டும் ஒரு சாக்பீஸும்தான்.

எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன். துணி கட்டுறத நிறுத்திட்டேன். பாட்டு போட்டேன். டீ நேரத்த அஞ்சு நிமிஷம் கூட்டுனேன். நேத்து கையெடுத்துக் கும்பிட்டேன்கா, எல்லார் முன்னாடியும். ஒரு பார்வை பாத்துட்டு மறுபடி மிஷினுக்குத் திரும்பிட்டாங்க.

பதினஞ்சாம் மிஷின்ல, உங்க பக்கத்துல இருக்காளே என் வீட்டுக்காரி, அவளும் பேசுறதில்ல. வீட்டுலயும்தான். சோறு வெப்பா, போயிருவா. உங்க மேல அவ்வளவு பாசம், அந்தக் கோவம்தான்னு நெனச்சுக்கிட்டேன். இன்னிக்கு வாடின்னேன், கூட வந்தா. உள்ள வர மாட்டேன்னு நாலு படி கீழ படிக்கட்டுல உக்காந்துட்டா. போய் எல்லாத்தையும் பேசிட்டு வான்னா. எல்லாத்தையும்னு ரெண்டு தடவ சொன்னா.

அந்தக் காலரக் கீழ வைங்கக்கா. என்னைப் பாக்காதீங்க, வேற எங்கயாவது பாருங்க, சொல்லிடுறேன்.

துணி கட்டுறதுக்கு முந்தின சாயங்காலம் உங்க கணக்கு எழுபத்தெட்டு. அறுபத்தொண்ணு அவளோடது. அதுக்கு முந்தின ராத்திரி புள்ளைக்குக் காச்சல், அவ தூங்கல. நான்தான் போர்டுல மாத்தி எழுதுனேன். முப்பது பேரு பாக்க என் கையால என் பொண்டாட்டி மிஷின்ல அந்தத் துணியக் கட்ட முடியலக்கா. கைல சாக்பீஸ் இருந்துச்சு, ஒரு நொடிதான். உங்களுக்கு எழுதிட்டா நீங்க ஒண்ணும் கேக்க மாட்டீங்கன்னு தோணுச்சு. நல்லவங்கன்னு தெரிஞ்சே உங்க தலைல கட்டுனேன்.

என்னக்கா? தெரியுமா?

எப்பலருந்து?

அவளே சொன்னாளா... நான் போர்டுல எழுதுன அன்னிக்குச் சாயங்காலமேவா? கை கழுவுற எடத்துல? நீங்க மட்டும்தானே இருந்தீங்க அப்ப?

எல்லாரும் கேட்டாங்களா. முப்பத்திரண்டு பேரும்.

நீங்கதான் யாரையும் வாயத் திறக்க விடலயா? அவ குடும்பம் கெட்டுரும்னு... ஐயோ அக்கா.

அப்ப நான் பதினோரு நாளா போர்டுக்கு முன்னாடி நின்னு கணக்கு எழுதுனேனே, சத்தமாப் படிச்சேனே, நேத்து கும்பிட்டேனே... எல்லாம் தெரிஞ்சுதான் அத்தனை பேரும் பாத்துக்கிட்டு இருந்தாங்களா? அவளும்தானா?

வேணாம், எழுந்திரிக்காதீங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. அக்கா, அந்த மிஷின மிதிங்களேன். சும்மாவாவது மிதிங்க. அவ கீழதான் உக்காந்துருக்கா, நான் அழறது கேட்டுரும்.