விரலை உடைச்சவ

எந்திரிக்காதீங்க தம்பி, படுத்துக்கங்க. ஸ்டூல் எதுக்கு, நின்னுக்கிட்டே பேசிட்டுப் போயிடறேன். சரி சரி, உக்காந்துட்டேன், போதுமா? நர்ஸம்மாவைக் கூப்பிடாதீங்க. ஆமா, நான்தான். அன்னைக்குத் தீயணைப்பு வண்டி ஓட்டிக்கிட்டு வந்தவன். நெத்தியில இந்தத் தையல் இருக்கே, உங்க தெருக்காரங்க விட்ட கல்லு. அதைக் கேக்க வரல. புகாரை வாபஸ் வாங்குங்கன்னு கெஞ்சவும் வரல. பொண்டாட்டியைப் பறிகுடுத்துட்டுக் கிடக்கறீங்க, உங்ககிட்ட நான் என்னத்தைக் கேக்கறது?

அவளைப் பத்தி ரெண்டு வார்த்தை. ஆமா, அவளைத்தான் சொல்றேன். உங்க விரலை உடைச்சவளை.

மூஞ்சியைத் திருப்பிக்கங்க, பரவால்ல. காது கேக்குதுல்ல, அது போதும்.

எங்க ஸ்டேஷன்ல அவ பேரு குண்டூசி. உடம்பு குச்சி, அதுக்கு மேல உருண்டையா ஹெல்மெட். பார்த்தவன் யாரு வெச்ச பேரோ, ஒட்டிக்கிச்சு. முன்னாடி துணிக்கடையில துணி மடிச்சுக்கிட்டு இருந்தா. அந்தக் கடையில ஒரு நாள் தீப்பிடிச்சு, கூட வேலை பார்த்த பொண்ணு லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிச்சு. எங்க ஆளுங்க போய் லிஃப்ட் கதவைப் பிளந்து வெளிய இழுத்தாங்க. இவ வாசல்ல நின்னு பார்த்திருக்கா. அடுத்த வாரமே வேலைக்கு ஆள் எடுக்கறீங்களான்னு எங்க ஆபீஸ்ல வந்து நிக்கறா.

ஓட்டம், கயிறு, ஏணி, எதுலயும் அவளைக் குறை சொல்ல முடியாது. மணல் மூட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டு மாடி ஏறுவா, மூட்டைதான் ஏறுதோன்னு இருக்கும், ஆளே தெரியாது. ஒண்ணே ஒண்ணுல மட்டும் திரும்பத் திரும்ப ஃபெயில். இருட்டு ரூம்ல புகையைப் போட்டு உள்ள அனுப்புவாங்க. எங்க ட்ரெய்னர், எருமைன்னு சொல்லுவோம், அந்தாளு உள்ள மாட்டிக்கிட்டவன் மாதிரி நடிப்பாரு. தண்ணியில முழுகறவன் கட்டிப்பிடிக்கிற மாதிரி கழுத்தைச் சேர்த்து இறுக்குவாரு. அதை உதறணும். முழங்கையால விலாவுல இடிக்கணும், கட்டைவிரலைப் பின்னால முறுக்கணும். அடிச்சாத்தான் ரெண்டு பேரும் வெளிய வரலாம். இவ அடிக்க மாட்டா. பயப்படாதீங்க சார், விடுங்க சார், நான் இருக்கேன் சார்னு கெஞ்சிக்கிட்டே மயங்கி விழுவா. காலைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து போடுவோம்.

கடைசியில ஒரு நாள் அடிச்சா. எருமையோட மூக்குத்தண்டு ரெண்டா போச்சு. அந்தாளு ரத்தம் ஒழுகஒழுக, பாஸ் பாஸ்னு கத்திக்கிட்டே வெளிய வர்றாரு. இவ மூலையில உக்காந்து வாந்தி எடுக்கறா. அப்புறம் அவர் சட்டையை வாங்கிக் குழாயடியில ரத்தக்கறையைத் துவைச்சா. காப்பாத்தறதுன்னா கை குடுக்கறதுன்னு நினைச்சுத்தாண்ணே வந்தேன்னு என்கிட்ட அழுதா.

எங்க பொழப்பு அப்படி, தம்பி. வெளியில பார்க்கறவங்களுக்குக் குழாயும் தண்ணியும்தான் கண்ணுல படும். லாரிக்கு அடியில நசுங்கிக் கிடந்தவன் காலை டாக்டரு அங்கேயே அறுக்க வேண்டியதாப் போச்சு. அவன் துள்ளாம இருக்க நெஞ்சு மேல ஏறி உக்காந்தவ இவதான். அவன் இவ அம்மாவை இழுத்து ஒரு வார்த்தை விடாம திட்டினான். அவ்வளவுதாண்ணே, முடிஞ்சுருச்சுண்ணேன்னு அவன் தலையைத் தடவிக்கிட்டே அமுக்கிப் பிடிச்சிருந்தா. அவன் பொழைச்சுட்டான். வந்து பார்த்தானான்னு கேக்காதீங்க.

இருங்க, தண்ணி தர்றேன். இந்தக் கையால பிடிங்க. ம்.

உங்க வீட்டு விஷயத்துக்கு வர்றேன். கீழ பெயிண்ட் கடை, மேல நீங்க. நாங்க வர்றப்பவே தின்னர் டின்னு ஒவ்வொண்ணா வெடிச்சுக்கிட்டு இருக்கு. ஷட்டர் பிஞ்சு ரோட்டுக்குப் பறந்துச்சு. பாரம் தூக்குற ஜாக்கி, இரும்பு வெட்டுற மிஷினு எல்லாம் ரெண்டாவது வண்டியில. அந்த வண்டி தெரு முனையில நிக்குது. வேடிக்கை பார்க்க வந்தவன் பைக்கை ரோட்டுலயே நிறுத்திட்டு செல்ஃபோன்ல படம் எடுக்கறான். நான் எங்க வண்டியில இருந்தே ஹாரன் அடிக்கறேன், கெட்ட வார்த்தையில திட்டறேன், ஒருத்தன் நகரல.

குண்டூசி ஏணி வெச்சு ஜன்னல் வழியா ஏறிட்டா. உள்ள என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். தெரியும்னு நினைக்கறீங்க. சுவரும் பரணும் சேர்ந்து உங்க வீட்டுக்காரம்மா இடுப்புக்குக் கீழ விழுந்து கிடக்கு. நீங்க அவங்க கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு மண்டி போட்டிருக்கீங்க. இவ அந்தப் பரணைத் தூக்கிப் பார்த்தா. கடப்பாறை குடுத்து நெம்பிப் பார்த்தா. கடப்பாறைதான் வளைஞ்சுது. உங்களை இழுத்தா. நீங்க கையில கிடைச்ச நாற்காலியால அவ முதுகுல சாத்தினீங்க. தப்புன்னு சொல்லல தம்பி, நானா இருந்தாலும் சாத்தியிருப்பேன். தரை சூடேறி பூட்ஸ் அடி இளகுது. கடைசியில கோடாலிக் காம்பை உங்க விரலுக்குள்ள விட்டு நெம்பி உடைச்சா. உடைச்சு, தோள்ல போட்டுக்கிட்டு ஜன்னலுக்கு வந்தா. நீங்க ஏணியில பாதி வர்றதுக்குள்ள தரை உள்ள போயிடுச்சு.

அழுங்க. அழுதுடுங்க தம்பி. யாரும் இல்ல, திரையை இழுத்து விட்டிருக்கேன்.

கீழ இறங்கினதும் அவ ஹெல்மெட்டைப் பிடுங்கி இடது கையாலயே அவளை அடிச்சீங்க. உயிரோட இருந்தவளை விட்டுட்டு வந்துட்டாடான்னு கத்தினீங்க. அவ்வளவுதான், மொத்தத் தெருவும் பாய்ஞ்சுது. காலால மிதிக்கறான், செங்கல்லால போடறான். தோள்பட்டை எலும்பு முறிஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு. தீக்கு அடிக்கிற தண்ணியைக் கூட்டத்து மேல திருப்பித்தான் அவளை மீட்டேன். அவ ஒரு கையைத் தூக்கித் தடுக்கல. எருமை மூக்கை உடைச்சவ!

நாளைக்கு விசாரணை. நீங்க சொன்னது எல்லாத்தையும் ஆமான்னு ஒத்துக்கப் போறா. வேலை போயிடும். நேத்து போய் அவகிட்ட சண்டை போட்டேன், உண்மையைச் சொல்லித் தொலைடின்னு. மாட்டேங்கறா. அந்த மனுசன் யாரையாவது வெறுத்துக்கிட்டாவது உயிரோட இருக்கட்டும்ணே, என்னையே வெறுக்கட்டும்னு சொல்றா. நான் இங்க வந்தது அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா எனக்கும் மூக்கு இருக்காது.

என்ன உண்மையா? சொல்றேன்.

அவ நெஞ்சுல மாட்டியிருந்த வாக்கிடாக்கி இருக்கே, பரணைத் தூக்கறேன்னு குனிஞ்சப்ப அதோட பொத்தான் அமுங்கிச் சிக்கிக்கிச்சு. உள்ள நடந்தது அத்தனையும் கீழ பம்புகிட்ட நின்ன எனக்குக் கேட்டுது. நீங்க கத்தறது, டின்னு வெடிக்கறது, அவ முதுகுல காத்து சிலிண்டர் தீரப்போகுதுன்னு விசில் அடிக்கறது. இவ உங்க வீட்டுக்காரம்மா வாய்கிட்ட காதை வெச்சிருக்கா. தரையோட தரையா கிடந்ததால அவங்களுக்குக் கொஞ்சம் மூச்சு இருந்திருக்கு. அவங்க குரலு அப்படியே கேட்டுச்சு தம்பி. உதவின்னு கேக்கல. இவரு சொன்னா கேக்க மாட்டாரு, கையை உடைச்சாவது இழுத்துட்டுப் போம்மா, ஸ்கூலுக்குப் போயிருக்கற எம்பொண்ணுக்கு ஒருத்தராவது வேணும்னாங்க. தெளிவா, கடைக்குப் போனவங்ககிட்ட இன்னொரு சாமான் சேர்த்து வாங்கிட்டு வரச் சொல்ற மாதிரி.

இவளுக்குக் கை வரல. இல்லக்கா, இன்னொரு வண்டி வந்துரும்கா, இருங்கக்கான்னு திரும்பவும் கெஞ்ச ஆரம்பிச்சுட்டா. அப்பத்தான் நீங்க ஐயோன்னு அலறினீங்க. விரல் உடையறதுக்கு முன்னாடி. அதுக்கு அப்புறம்தான் இவ காம்பை எடுத்தா.

புகார்ல நீங்க சொன்னீங்களாமே, விரலை உடைச்சதும் இல்லாம, நாய் மாதிரி மணிக்கட்டுல கடிச்சான்னு. உங்க மணிக்கட்டுல தையல் போட்ட டாக்டரு இவளைக் கேட்டிருக்காரு, நீயா கடிச்சேன்னு. ஆமா சார்னு சொல்லியிருக்கா. அந்தப் புகையில உங்க கையே உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, உங்களைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க தம்பி. சிலிண்டர் மாட்டிக்கிட்டு உள்ள போறவங்களுக்கு நெத்தியில இருந்து தாடை வரைக்கும் மூடின முகமூடி. உள்ள இருக்கறப்ப எதுக்காகவும் அதைக் கழட்டக் கூடாது. அதுக்குள்ள இருக்கறவ எப்படிக் கடிப்பா? அப்ப உங்க கை யாரு வாய்க்குப் பக்கத்துல இருந்துச்சு?

சரி, நான் கிளம்பறேன், வண்டியை வாசல்ல நிறுத்தியிருக்கேன். கட்டு மாத்த வந்தாங்கன்னா நர்ஸம்மாகிட்ட சொல்லுங்க, மணிக்கட்டுல தழும்பு மறையற மருந்து எதுவும் போட வேண்டாம்னு. அது அப்படியே இருந்துட்டுப் போகட்டும்.