காஜா மொய்தீன் காட்டிய அளவு

இந்த நாற்காலிக்கு ஒரு கால் கட்டை, ஐயா. அடியில் பழைய பேப்பரை மடித்து வைத்தால் ஆட்டம் நின்றுவிடும். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். வாலிபத்திலிருந்து துறைமுகக் கிரேன் உச்சியில் ஆடிக்கொண்டே உட்கார்ந்தவன் நான், இது எனக்குத் தாலாட்டுதான்.

பெயர் தண்டபாணி. ராயபுரத்தில் வீடு. மனைவி காலமாகிவிட்டாள், பிள்ளைகள் இல்லை. இறந்துபோன காஜா மொய்தீன் என் தோஸ்து, தண்டையார்ப்பேட்டைத் தோல் கிடங்கில் தரம் பிரிக்கிறவர். துப்பாக்கி அவருடையது, லைசென்ஸும் அவர் பேரில். சுட்டது நான். அதை முதல் நாளே இந்த ஸ்டேஷனில் ஒத்துக்கொண்டேன். கலைமான் என்று நினைத்துச் சுட்டுவிட்டேன் என்றும் சொன்னேன். அதைத்தான் இப்போது மாற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். கதை கட்டிக் கட்டி எனக்கும் அலுத்துவிட்டது.

கோடை ஏறினால் காட்டுப்பள்ளிப் புதர்க்காட்டில் மான்கள் இணை சேரும் பருவம். ஆண் மானை, அதாவது கலையை, அப்போது பார்க்க வேண்டும். மரத்தில் கொம்பைத் தேய்த்துத் தேய்த்துப் பட்டையை உரித்துவிடும். நான் பார்த்த ஒரு கலை தேய்த்த வேகத்தில் மரத்தில் புகை வந்தது. சரி, புகை வரவில்லை. பட்டை உரிந்தது. அந்தப் பருவத்தில் அதற்குப் பசி கிடையாது, பயம் கிடையாது. தன் இடத்தில் இன்னொரு குரல் கேட்பதை மட்டும் அதால் பொறுக்க முடியாது.

எங்கள் வேட்டை அந்தப் பொறாமையை வைத்துத்தான். கொம்பு தேய்த்த மரத்துக்கு எதிரே இடுப்பளவு குழி வெட்டி, மேலே பனையோலை பரப்பி, முன்னால் முள்ளை வைத்து மறைப்புக் கட்டுவோம். நான் துப்பாக்கியோடு உள்ளே இருப்பேன். காஜா பாய் வெளியே போய்ப் புதருக்குள் குந்திக்கொண்டு, அடி உடைந்த மண்சட்டியை வாயில் வைத்துக் கலை மாதிரியே குரல் கொடுப்பார். எவனோ தன் இடத்துக்கு வந்துவிட்டான் என்று உள்ளே மேயும் கலை தலையைக் கவிழ்த்துக்கொண்டு பாய்ந்து வரும். நான் சுடுவேன்.

ஆகவே நான் சொன்ன பொய் எல்லோருக்கும் கச்சிதமாகப் பொருந்திப்போனது. பாய் புதருக்குள்ளிருந்து கத்தினார், அசல் கலையே வெட்கப்படுகிற குரல், புதர் அசைந்தது, ஏமாந்து சுட்டேன். யேசுதாஸ் டீக்கடையில் அன்றைக்கு அழாத ஆள் இல்லை. பாய்லர்கூட விசும்பியது. ஒருவன்கூட என்னைக் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை.

கேட்டது தாஹிரா. பாயின் சம்சாரம். துக்கம் கேட்கப் போனபோது கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டாள். குரலில் கோபமே இல்லை.

"இன்னாணா சொல்றீங்க. அவருக்குத் தொண்டையில புண்ணு. டாக்டரு பேசவே கூடாதுன்ட்டாரு. பேசுனாலும் வெறும் காத்துதான் வந்துகினு இருந்துச்சு. என்னியக்கூட கைய தட்டிதான் கூப்ட்டாரு. அந்த மனுசன் எப்டிணா மான் மாரி கத்துனாரு?"

டீக்கடைக்காரர்களுக்கும் இது தெரிந்த விஷயம்தான், ஐயா. என் கதை கேட்ட சுகத்தில் மறந்துவிட்டார்கள். அவ்வளவு நல்ல கதை அது. எதற்கும் பதில் வைத்திருக்கிற நான் அந்தத் திரைக்கு முன்னாலிருந்து எழுந்து நேராக இங்கே வந்துவிட்டேன்.

ஏன் சுட்டேன் என்று கேட்டீர்கள்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு மிச்சமிருந்தது யேசுதாஸ் கடை பெஞ்சுதான். அங்கே நான் வாயைத் திறந்தால் ஆறிப்போன டீயைக்கூடக் கவனிக்காமல் ஆட்கள் நிற்பார்கள். கப்பலில் வந்த சர்க்கஸ் யானையை என் கிரேனில் தூக்கிய கதை, அது அந்தரத்தில் தொங்கியபடியே எனக்குத் தும்பிக்கையால் சலாம் வைத்த கதை. பெண்டாட்டி இல்லாத வீட்டுக்குத் திரும்பிப் போக எனக்கு அந்தக் கூட்டத்தின் சத்தம் வேண்டியிருந்தது. அது காதில் இருந்தால் கொஞ்சம் தூக்கம் வரும்.

பாய் பக்கத்தில்தான் உட்காருவார். கெட்ட எண்ணம் துளியும் இல்லாதவர். தோலைத் தடவிப் பார்த்து இது முதல் தரம், இது இரண்டாம் தரம் என்று பிரித்துப் பிரித்து அவருக்கு உண்மை கையோடு ஒட்டிக்கொண்டது. நான் முடிக்கிற நேரம் பார்த்து மெதுவாகச் சொல்வார்.

"யானை இல்ல மாமு. குருத. அதுவும் மட்டக் குருத."

அவ்வளவுதான், கடையே சிரிக்கும். யானையைத் தூக்கியவன் மட்டக்குதிரையோடு வீட்டுக்குப் போவேன். மான் கதைகளிலும் அப்படித்தான். நான் சுட்ட கலையின் கொம்பில் நாலு குடித்தனத்துத் துணி காயப்போடலாம் என்பேன். ஒரு கோவணம் காயப்போடலாம் மாமு என்பார். பல வருடம் இதைப் பொறுத்துக்கொண்டேன். பொறுமைக்காரன் என்று என்னைப் பற்றி யாரும் சொல்வதில்லை. ஆனால் நான் பொறுமைக்காரன்தான்.

பாய்க்குத் தொண்டை கட்டிப்போனபோது, உள்ளதைச் சொல்கிறேன், ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப்பழம் வாங்கிப் போனவன் நான். மனசுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. அன்று சாயங்காலமே கடையில் மான் கதையை எடுத்தேன். கொம்பை வளர்த்தேன். கலையை வளர்த்தேன். யாரும் குறுக்கே வரவில்லை. அது பாய்ந்தபோது எண்ணூர்ப் பாலத்தில் ரயில் நின்றுவிட்டது என்று சொன்னேன். ஆட்கள் வாய் பிளந்து கேட்டார்கள். அந்த ஒரு வாரம் நான் ராஜா.

பிறகு பாய் கடைக்கு வர ஆரம்பித்தார். பேச்சு இல்லை. டீயை ஆற்றிக் குடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் கைகளை விரித்து, கொம்பு இத்தனை நீளம் என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். வைத்துவிட்டுத் தன் இரண்டு கைகளையும் தூக்கி, ஒரு முழம்கூட இல்லாத இடைவெளி விட்டு எல்லோருக்கும் காட்டினார்.

கடை அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. யேசுதாஸ் பால் வடிகட்டியைக் கீழே போட்டுவிட்டான்.

"இன்னா தண்டபாணி நைனா," என்றான், "பாய் வாய மூடியும் உன் கொம்பு வளர மாட்டேங்குதே."

நானும் சிரித்தேன். பாய் என் முதுகில் தட்டிக் கொடுத்தார். அந்தத் தட்டுதான், ஐயா. அதில் இரக்கம் இருந்தது.

வெளியே வந்ததும் அவரைக் காட்டுப்பள்ளிக்குக் கூப்பிட்டேன். குரல் இல்லாவிட்டால் என்ன, சும்மா மறைப்பில் உட்கார்ந்து பார்ப்போம் என்றேன். தாஹிரா வேண்டாம் என்றாள். கடல்காற்று தொண்டைக்கு நல்லது என்று சொல்லி அவளைச் சம்மதிக்க வைத்ததும் நான்தான். போகும்போது மறக்காமல் மண்சட்டியை எடுத்துக்கொண்டேன். பாய் அதைப் பார்த்துவிட்டுத் தொண்டையைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். கிழவனுக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்திருப்பார். எனக்கு மறதி இல்லை.

படகுக்காரன் குமாரவேல் எங்களை உப்பங்கழியைத் தாண்டி இறக்கிவிட்டான். கூப்பிடு தூரத்தில் படகை நிறுத்திக்கொண்டு வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தான். நாங்கள் இருவரும் மறைப்புக்குள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். துப்பாக்கியை அவரே என் மடியில் வைத்தார்.

வெளிச்சம் வந்ததும் கலை வந்தது. குரல் கொடுக்காமலே தானாக வந்தது. கழுத்து வீங்கி, கொம்பில் கோரைப்புல் சுற்றி, மூச்சுவிட்டுக்கொண்டு மரத்தடியில் நின்றது. பெரிய கலை. இதை நம்புங்கள், நான் பார்த்ததிலேயே பெரியது. இதைச் சுட்டால் பொய்யே சேர்க்க வேண்டாம் என்று தோன்றியது. திரும்பிப் பாயைப் பார்த்தேன்.

அவர் கலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை இடுக்கி, தோலுக்குத் தரம் பார்க்கிற அதே முகத்தோடு, கைகளை மடிக்கு மேலே தூக்கி விரித்தார். கொஞ்சம் குறைத்தார். இன்னும் கொஞ்சம் குறைத்தார். ஓர் அளவில் நிறுத்தினார். அளவு சரியாகத்தான் இருந்தது. அது எனக்கும் தெரியும்.

நான் துப்பாக்கிக் குழலை அவர் பக்கம் திருப்பியபோது கலை அங்கேயேதான் நின்றது. சத்தம் கேட்ட பிறகுதான் ஓடியது. நான் எதையும் எதுவென்றும் மாற்றி நினைக்கவில்லை. பக்கத்தில் இருப்பது காஜா மொய்தீன் என்று தெரிந்து, அவர் வயிற்றில் சுட்டேன். அவரைப் புதருக்கு இழுத்துப் போய்ச் சட்டியைப் பக்கத்தில் வைத்தது எல்லாம் முடிந்த பிறகு செய்த வேலை.

குமாரவேல் படகிலிருந்து குரல் கொடுத்ததாகச் சொல்லியிருப்பான். உண்மைதான்.

"இன்னா நைனா, வுழுந்துச்சா?"

"வுழுந்துச்சு. கொஞ்சம் இரு, கூப்புடறேன்" என்றேன்.

உடனே கூப்பிட்டிருந்தால் பாயை ஆஸ்பத்திரி சேர்த்திருக்கலாம் என்று உங்கள் டாக்டர் சொல்கிறாராம். இருக்கலாம். பாய்க்கு நினைவு தெளிவாகத்தான் இருந்தது. என்னைப் பார்த்தார். படகுப் பக்கமும் பார்த்தார். வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. கையைத் தூக்கப் பார்த்தார். நான் அவர் கைகள் இரண்டையும் என் கைகளுக்குள் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். சிநேகிதனுக்கு அந்த நேரத்தில் அதுகூடச் செய்யாமல் இருக்க முடியுமா.

பிடித்துக்கொண்டே அந்தக் கலையின் கதையைச் சொன்னேன். அது வந்த அழகு, கொம்பின் வீச்சு, அது மூச்சுவிட்டபோது பனைகள் சாய்ந்தது, ஓடியபோது கடல் பின்வாங்கியது. அவசரப்படாமல் முதலிலிருந்து முடிவு வரை சொன்னேன். இப்படி ஒரு கதையை நான் யாருக்கும் சொன்னதில்லை. வெயில் ஏறிவிட்டது. குமாரவேல் இன்னொரு தடவை கூப்பிட்டான். கதை பாதியில் இருந்ததால் பதில் கொடுக்கவில்லை.

பாய் ஓர் இடத்திலும் குறுக்கிடவில்லை, ஐயா. கண்ணை என்மேல் வைத்துக் கடைசிவரை கேட்டார். நன்றாக ரசித்துத்தான் கேட்டார்.